பின்னால் நின்று தள்ளும் பாங்கர்கள்

ஒரு வங்கியின் இதழில் 'பாங்கர்' என்னும் சொல்லைக் காணும் வாசகர், வங்கியாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரை இது என்றே எண்ணுவார். இந்திய ரயில்வேயில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. மலைச்சரிவில் ஏறும் ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இணைந்து, அதனைத் தள்ளிக்கொண்டு செல்லும் துணை என்ஜினுக்கு ரயில்வே ஊழியர் வழங்கும் பெயர் அது. ஆங்கிலத்தில் 'பாங்க்' என்பது மேட்டுச் சரிவையும் குறிக்கும்; சரிவில் உதவுவதனால் அந்த என்ஜின் பாங்கர் ஆயிற்று. பணம் புழங்கும் வங்கிக்கும் இதற்கும் பொருளளவில் உறவில்லை. எனினும், தம் பெயர் வெளியே தெரியாமல் பிறர் பயணம் நிறைவேற உழைப்பது என்ற அளவில் ஓர் ஒற்றுமையைக் காண விரும்பும் வங்கி ஊழியர்களை நாம் தடுக்கப்போவதில்லை.

இந்தப் பாங்கர்களைக் காண்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி, சென்ற மழைக்காலத்தில் மும்பைக்கும் புனேவுக்கும் இடைப்பட்ட போர்காட் மலைப்பாதைக்குச் சென்றுவந்தோம். உடன் வந்தவர் நமது நீண்டநாள் நண்பர். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்களைப் படம் பிடித்துவருபவர். ஃபிலிம் சுருள் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. அவர் வீட்டு அலமாரியில் ஆண்டுவாரியாக அடுக்கிய உறைகளில் நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாள், இடம், ரயிலின் பெயர், என்ஜின் எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும்.

அந்த அலமாரியை ஒழுங்குபடுத்தியபோதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். மலையேறும் ரயில்களை நூற்றுக்கணக்கில் எடுத்திருந்தும், பாங்கர்களைக் காட்டும் படங்கள் இரண்டே இருந்தன. அவையும் 1990-களில் எடுத்தவை. "முன்னால் வரும் என்ஜினை எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கிவிடுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்தோம்" என்றார். அவ்விரு படங்களிலும் உள்ளவை டபிள்யூசிஜி-2 வகை என்ஜின்கள். 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அவை இப்போது பணியில் இல்லை. மும்பை வட்டாரத்தின் மின்பாதைகள் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டபோது அவற்றின் காலம் முடிந்தது. இன்று தள்ளும் என்ஜின்களையாவது முறையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். அதற்கே இந்தப் பயணம்.

மலையடிவாரத்தில்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கர்ஜத் வருகிறது. சமவெளி இங்கே முடிகிறது. அடுத்துள்ள லோனாவாலா, ரயில் பாதையில் 28 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் 550 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இப்பாதையின் மிகச் செங்குத்தான பகுதிகளில் சரிவு 37-க்கு 1. அதாவது, 37 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். சாலையில் செல்வோர்க்கு இது பெரிதாகத் தோன்றாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு என்பதனால், ரயிலுக்கு இது கடும் ஏற்றம். இருபது பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று இச்சரிவில் நிற்பதாகக் கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 480 மீட்டர். முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் இடையே உயர வேறுபாடு 13 மீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்.

கூடுதல் என்ஜினை முன்னாலேயே இணைத்தால் என்ன என்ற கேள்வி எழும். இழுக்கும் விசை முழுவதையும் முன்பெட்டிகளின் இணைப்புக் கொக்கிகளே தாங்க வேண்டியிருக்கும். அவற்றின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்றத்தில் கொக்கி அறுந்தால் பின்பகுதி சரிவில் உருளத் தொடங்கும் அபாயமும் உண்டு. பின்னால் என்ஜின் இருந்தால் சுமை பகிரப்படுகிறது. பின்பகுதிக்கு அரணும் கிடைக்கிறது.

கர்ஜத் நடைமேடையில் நாங்கள் இருவரும் கண்ட முதல் காட்சி இந்த இணைப்புதான். புனே நோக்கிய விரைவு ரயில் வந்து நின்றதும், சற்றுத் தொலைவில் காத்திருந்த இரண்டு டபிள்யூஏஜி-7 என்ஜின்கள் மெல்ல ஊர்ந்து வந்தன. இவை சரக்கு ரயில்களுக்கென உருவாக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன் கொண்டது. கடைசிப் பெட்டியைத் தொட்டபோது ஒரு மெல்லிய அதிர்வு ரயில் முழுவதும் பரவியது. மும்பையிலிருந்து சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உணர்ந்துவரும் அதிர்வு இது. அந்நேரத்தில் பெரும்பாலோரின் கவனம் சன்னலோரம் வரும் கர்ஜத் வடையின் மீதே இருக்கும். வடை புகழ்பெற்றது, குறைகூற இயலாது.

நண்பர் இங்கே படம் எடுத்தார், ஆனால் நிறைவடையவில்லை. நின்றுகொண்டிருக்கும் பாங்கரை அல்ல, ஏற்றத்தில் உழைக்கும் பாங்கரை எடுக்க வேண்டும் என்றார்.

கடைசிப் பெட்டியில்

அடுத்து வந்த ரயிலில் பயணச்சீட்டுடன் பின்பக்கப் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டோம். புறப்பட்ட சற்று நேரத்தில் முன்னாலிருந்து ஓர் ஊதல் எழுந்தது. பின்னாலிருந்து மறுமொழியாக இன்னோர் ஊதல் வந்தது. முன்னும் பின்னும் உள்ள ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் காண இயலாது. ஊதல் குறிப்பாலும் கையடக்க வானொலியாலும் பேசிக்கொண்டே ஒரே சீராக விசையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். பின்னவர் மிகுதியாகத் தள்ளினாலும் தவறு. முன்னவர் மிகுதியாக இழுத்தாலும் தவறு.

இப்பாதையில் கேட்போரைத் திகைக்க வைக்கும் ஒரு வழக்கு உண்டு. மும்பையை நோக்கி வரும் ரயில்களுக்கு 'அப்' என்றும், மும்பையிலிருந்து செல்பவற்றுக்கு 'டவுன்' என்றும் பெயர். ஆகவே இங்கு மலையேறும் ரயில் 'டவுன்'; மலையிறங்கும் ரயில் 'அப்'.

குகைகளும் பாலங்களும் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு குகையிலும் பாங்கர்களின் இரைச்சல் சுவர்களில் மோதிப் பெட்டிக்குள் புகுந்தது. குகையை விட்டு வெளிவந்ததும் பள்ளத்தாக்கில் மழைநீர் வெள்ளிக் கோடுகளாய் இறங்குவது தெரிந்தது. வழியில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து மேட்டை நோக்கிச் சென்று திடீரென முடியும் தண்டவாளங்களை நண்பர் சுட்டிக்காட்டினார். இறங்கும் ரயில் கட்டுப்பாட்டை இழந்தால் அதனை ஏற்றத்தில் செலுத்தி நிறுத்துவதற்கான தடுப்புப் பாதைகள் அவை. ஓட்டுநர் ரயிலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்பது உறுதியான பின்னரே பிரதான பாதை அவருக்குத் திறக்கப்படும்.

இப்பாதை 1863-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பணி உச்சத்தில் இருந்தபோது 40,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் இங்கு உழைத்தனர். விபத்திலும் நோயிலும் மாண்டோர் மிகப் பலர். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் ஜான் பெர்க்லி, பாதை திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டே காலமானார். 1859-இல் ஒப்பந்தத்தை ஏற்று வந்த சாலமன் ட்ரெட்வெல், இந்தியாவில் கால்வைத்த சில வாரங்களிலேயே இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பணியை முடித்துக்கொடுத்தார். தொடக்கத்தில் ரயில்கள் மலைவிளிம்பில் இருந்த ஒரு நிலையம்வரை சென்று, அங்கே என்ஜினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு எதிர்த்திசையில் ஏற வேண்டியிருந்தது. 1929-இல் பாதை திருத்தப்பட்டபோது அந்தச் சுற்று நீங்கியது. மறு ஆண்டு, 1930 ஜூன் 1 அன்று, டெக்கான் குவீன் ஓடத் தொடங்கியது.

கண்டாலாவில் ஒரு படம்

லோனாவாலாவில் இறங்கிச் சாலை வழியாகக் கண்டாலா நிலையத்துக்கு வந்தோம். நண்பர் எவ்விடத்திலும் தண்டவாளத்தின் அருகே இறங்கி நிற்பதில்லை. ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவு, அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவோர்க்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் அன்று. "மலைப்பாதையில் ஓசையை நம்பக்கூடாது. எதிரொலி எத்திசையிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார் அவர். ஏறும் ரயில் ஆர்ப்பரித்துக்கொண்டு வரும். அந்த ஆரவாரத்தில், அடுத்த பாதையில் இறங்கி வரும் ரயிலின் மெல்லொலி முற்றிலும் மறைந்துவிடும்.

முதலில் வந்தது ஒரு விரைவு ரயில். முன் என்ஜின் கடந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. பாங்கர்கள் வரும் நேரத்தில் பக்கத்துப் பாதையில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே வந்து மறைத்தது. அடுத்த ரயிலின்போது பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மூடுபனி நிலையத்தையே விழுங்கியது. பாங்கர்களின் ஓசை மட்டும் கேட்டது. மழைக்காலப் போர்காட்டில் இது இயல்பு. நண்பர் வில்லையைத் துடைத்து, மழைத்தாளால் கேமராவை மூடி, நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அமர்ந்துகொண்டார். குடிநீர், வேர்க்கடலை, பேச்சு என இரண்டு மணி நேரம் சென்றது.

பிற்பகலில் பனி விலகியது. மேகத்தின் இடையே சாய்வாக ஒளி விழுந்தது. நனைந்த தண்டவாளங்கள் ஒளிர்ந்தன. கீழிருந்து ஊதல் கேட்டது. சிறிது நேரத்தில் முன் என்ஜின் வளைவில் தலைகாட்டியது. நண்பர் அதனை எடுக்கவில்லை. ரயிலின் கடைசிப் பகுதி எந்த இடத்தில் ஒளிக்குள் வரும் என்பதைக் கணித்து, அங்கேயே கேமராவை நிறுத்திக் காத்திருந்தார். முன் என்ஜின் கடந்துபோனது. பாதிப் பெட்டிகள் கடந்தன. இரண்டாவது ஓசை, அதாவது பாங்கர்களின் முழக்கம், மெல்ல வலுப்பெற்றது.

அப்போது நடைமேடையின் கோடியில் இரண்டு இளைஞர்கள் தண்டவாளத்தில் இறங்கினர். ஏறிச்செல்லும் ரயிலைப் பின்னணியாகக் கொண்டு, கைபேசியில் தம்மைத் தாமே படம் எடுக்கும் ஆவல். அவர்கள் நின்றது வெறுமையாக இருந்த பக்கத்துப் பாதை. மேலிருந்து இறங்கும் ரயிலுக்கு அப்பாதையில் கைகாட்டி பச்சையாக இருந்ததை நண்பர் கவனித்திருந்தார். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஓடினார். மராத்தியில் அவர் எழுப்பிய குரல் ரயிலின் முழக்கத்தையும் மீறியது. நாமும் பின்னால் ஓடினோம். இளைஞர்கள் முதலில் சிரித்தனர். பிறகு திரும்பிப் பார்த்தனர். அவசரமாக நடைமேடையில் ஏறினர். ஒருவரை நண்பர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர்கள் ஏறிச் சற்று நேரத்தில், இறங்கு ரயில் அவ்விடத்தை அதிக ஓசையின்றிக் கடந்து சென்றது.

அதற்குள் பாங்கர்கள் இரண்டும் ஒளியில் முழுமையாக வந்து, எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. நண்பரின் ஒரு கை அந்த இளைஞரின் தோளில் இருந்தது. பின் என்ஜினின் சன்னலிலிருந்து ஓட்டுநர் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கையை உயர்த்திக் காட்டினார். பிறகு ரயில் வளைவில் மறைந்தது. பனி மீண்டும் இறங்கியது.

இளைஞர்கள் மன்னிப்புக் கேட்டனர். நண்பர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கேமராத் திரையில் காலையில் எடுத்த படங்களைக் காட்டி, கைகாட்டியின் நிறங்களுக்குப் பொருள் சொல்லி, நடைமேடையில் நின்றே நல்ல படம் எடுக்க இயலும் இடங்களைச் சுட்டினார். அவர்கள் சென்ற பின், "அந்த ஒளி நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

தேவை குறையும் துணை

லோனாவாலாவுக்குத் திரும்பும் வழியில் பாங்கர்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட மும்பை – சோலாப்பூர் வந்தே பாரத், இதே மலையைப் பாங்கர் இல்லாமலே ஏறுகிறது. அதில் தனி என்ஜின் கிடையாது. பெட்டிகளில் பாதியின் அடியில் மோட்டார்கள் பொருத்தப்பட்டுள்ளன. ரயில் முழுவதும் பரவிய பல சக்கரங்கள் பிடிப்பைப் பகிர்ந்துகொள்வதால், பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டியதில்லை. கர்ஜத்தில் இணைக்கும் நேரமும் லோனாவாலாவில் கழற்றும் நேரமும் மிச்சம். பயணிகளுக்கு இது நன்மையே. நண்பரும் அதை மறுக்கவில்லை. இன்றைக்கு நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் காணும் காட்சி, இன்னும் சில பத்தாண்டுகளில் படத்தில் மட்டுமே எஞ்சக்கூடும் என்பதே அவர் சொன்னது. டபிள்யூசிஜி-2 என்ஜின்களும் ஒரு காலத்தில் நாள்தோறும் கண்ட காட்சிதான். அதனால்தான் ஒருவரும் எடுத்துவைக்கவில்லை.

என்ஜின்கள் மாறினாலும் மாறாத உழைப்பும் இம்மலையில் உண்டு. மழைக்காலத்துக்கு முன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைமுகங்களில் இறங்கி, விழும் நிலையிலுள்ள கற்களைத் தட்டி அகற்றும் தொழிலாளர் குழு ஒன்று இருக்கிறது. மழை தொடங்கிய பின் இரவும் பகலும் பாதையோரம் நடந்து காவல் காப்போர் இருக்கின்றனர். அவர்களையும் எடுக்க வேண்டும் என்று நண்பர் குறித்துக்கொண்டார்.

செல்ல விரும்புவோர்க்கு

ரயில்களைக் கண்டு படமெடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஜூலை முதல் செப்டம்பர்வரை மலை பசுமையாக இருக்கும். படத்துக்கு உகந்த தெளிவு செப்டம்பரில் மிகுதி. ஓடும் ரயிலைத் தெளிவாக எடுக்க 1/500 நொடி அல்லது அதனினும் விரைவான ஷட்டர் வேகம் போதும். 1/60 நொடி அளவில் வைத்து ரயிலோடு கேமராவையும் ஒரே சீராகத் திருப்பினால், ரயில் தெளிவாகவும் பின்னணி கலைந்தும் அமைந்து வேகத்தை உணர்த்தும். ஓட்டுநரின் கண்ணைக் கூசச்செய்யும் ஃபிளாஷ் ஒருபோதும் கூடாது. மேலே செல்வது 25,000 வோல்ட் மின்கம்பி. ஆகவே நீண்ட கோல்களையும் குடைகளையும் உயர்த்திப் பிடித்தலும், பாலங்களிலிருந்து கம்பிக்கு அருகே கை நீட்டுதலும் உயிருக்கு ஆபத்து. நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்கே செல்லும். கூடுதல் நேரம் இருக்க நேர்ந்தால் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். ரயில்வே ஊழியர் எவரேனும் வேண்டாம் என்றால், வாதிடாமல் கேமராவை உள்ளே வைப்பதே முறை.

லோனாவாலாவில், மாலை

பொழுது சாயும் வேளையில் லோனாவாலா நடைமேடையின் கோடியில் நின்றோம். மலையேறி முடித்த ரயில் ஒன்று வந்து நின்றது. ஊழியர் ஒருவர் கடைசிப் பெட்டிக்கும் பாங்கருக்கும் இடையே இறங்கி இணைப்பைக் கழற்றினார். சன்னலருகே இருந்த ஓட்டுநரிடம், படம் எடுக்கலாமா என்று நண்பர் நடைமேடையிலிருந்தே சைகையால் கேட்டார். அவர் சிரித்துத் தலையசைத்தார்.

முன்னால் ஊதல் ஒலித்தது. ரயில் நகர்ந்தது. பாங்கர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டு அடி, பத்து அடி, ஒரு பெட்டி நீளம் என இடைவெளி விரிந்தது. சன்னலோரப் பயணிகள் தேநீர்க் கோப்பைகளோடு முன்னோக்கியே அமர்ந்திருந்தனர். நண்பர் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். நனைந்த இரும்பு, வைப்பர் துடைத்துவிட்ட கண்ணாடி, அதன் பின்னே களைத்த ஒரு முகம், தொலைவில் சிறுத்துச் செல்லும் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் அமைந்த படம் அவற்றுள் ஒன்று. ஏற்றத்தில் உழைக்கும் பாங்கரை அவர் அன்று எடுக்க இயலவில்லை. ஏற்றம் முடிந்த பாங்கர் கிடைத்தது.

சற்று நேரத்தில் அவ்விரு என்ஜின்களும், முன்பே வந்து காத்திருந்த வேறிரண்டோடு இணைந்து, அடுத்த ரயிலைத் தள்ளுவதற்காகக் கர்ஜத் நோக்கி இறங்கின. மறுவாரம் நண்பர் அப்படத்தை அச்சிட்டு, பின்புறம் நாளையும் இடத்தையும் இரு என்ஜின்களின் எண்களையும் எழுதினார். ரயிலின் பெயரை எழுதும் இடத்தில் சற்றே தயங்கி, தள்ளிவிடப்பட்ட ரயிலின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். 1990-களின் இரண்டு படங்கள் இருந்த உறையில் அது மூன்றாவதாகச் சேர்ந்தது.